பகிர்ந்து வாழும் பிளாட்டுக்கு இணைய இணைப்பும் டிவியும்: தேர்வு முதல் துண்டிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் வேளச்சேரி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகளில் ஒரு பிளாட்டை மூன்று நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுப்பது இன்று வழக்கமான ஏற்பாடாகிவிட்டது. அட்வான்ஸ், மெயின்டெனன்ஸ், இபி பில், சமையல்காரருக்கான பங்கு என்று எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு, கடைசியாக யாரோ ஒருவர் தலையில் கட்டப்படுவது இணைய இணைப்பு. அவரும் விளம்பரத்தில் கண்ட பெரிய வேகத்தையும் சிறிய விலையையும் பார்த்து ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறார். ஒரு குடும்பத்துக்கு இந்த முறை ஓரளவு ஒத்துவரும். பகிர்ந்து வாழும் வீட்டில், இணைப்பை எடுத்தவரே ஆறு மாதத்தில் வேலை மாறி பெங்களூருக்குப் போய்விடக்கூடும் என்பதால், இங்கே வேகத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டடத்துக்குள் எந்த ஒயர் வருகிறது, இணைப்பு யார் பெயரில் இருக்கும், இடையில் நிறுத்தினால் எவ்வளவு இழப்பு ஆகிய மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், மீதித் தேர்வு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

படி 1: கட்டடத்துக்குள் வரும் ஒயர்களைப் பாருங்கள்

நிறுவனங்களின் இணையதளத்தில் பின்கோடைக் கொடுத்தால் ‘உங்கள் பகுதியில் சேவை உண்டு’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பகுதியில் சேவை இருப்பதும் உங்கள் கட்டடத்தில் இருப்பதும் ஒன்றல்ல. வாட்ச்மேனிடமோ அசோசியேஷன் செயலாளரிடமோ கேட்பதும், படிக்கட்டுப் பக்கம் அல்லது மொட்டை மாடியில் இருக்கும் பெட்டிகளில் எந்த நிறுவனங்களின் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதும்தான் நம்பகமான வழி. சில அசோசியேஷன்கள் ஓரிரு நிறுவனங்களுக்கு மட்டுமே ஒயர் இழுக்க அனுமதி கொடுத்திருக்கும்; அப்படியானால் மற்ற நிறுவனங்களின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. எதிர்வீட்டுக்காரர் எதை வைத்திருக்கிறார், மழைக்காலத்தில் அது எத்தனை முறை நின்றது என்று ஐந்து நிமிடம் பேசினால், விளம்பரத்தில் கிடைக்காத செய்தி கிடைக்கும்.

அந்த ஒயர் எந்த வகை என்பதும் முக்கியம். ஃபைபர் இழை நேராக உங்கள் வீட்டுக்குள் வந்து, ஓஎன்டி எனப்படும் சிறு கருவியில் முடிவது ஒரு வகை. ஏர்டெல், ஜியோ, பிஎஸ்என்எல் ஆகியவை பெரும்பாலும் இப்படித்தான் தருகின்றன. இந்த அமைப்பில் நிறுவனத்தின் மையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி பொதுவாக எதுவும் இருப்பதில்லை. ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். இன்னொரு வகையில் ஃபைபர் கட்டடம் வரைதான் வரும். அங்கிருந்து ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி) வழியாக சாதாரண லேன் கேபிள் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். உள்ளூர் கேபிள்காரர்கள் தரும் இணைப்புகளில் இதை அதிகம் காணலாம். அந்த ஸ்விட்ச் படிக்கட்டில் பொது மீட்டரின் மின்சாரத்தில் ஓடுகிறது என்றால், கரண்ட் போனதும் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ரூட்டரை உயிரோடு வைத்திருந்தாலும் இணையம் வராது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் ஒருவர் இருந்தாலும் போதும், இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வகை, 5ஜி அலைவரிசையில் ஒயர் இல்லாமல் வரும் ஏர்ஃபைபர். ஜியோ இதை 2023 செப்டம்பரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. ஒயர் வராத கட்டடங்களுக்கு இது நல்ல மாற்று. ஆனால் வெளிக்கருவியை மொட்டை மாடியிலோ வெளிச்சுவரிலோ பொருத்த வேண்டியிருக்கும் என்பதால் உரிமையாளரின் சம்மதம் தேவைப்படும். டவரின் நெரிசலைப் பொறுத்து மாலை நேரத்தில் வேகம் ஏறி இறங்கும். ஃபைபர் கிடைக்கும் இடத்தில் இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

முந்தைய வாடகைக்காரரின் ஓஎன்டியும் ஒயரும் சுவரிலேயே இருக்கும் வீடுகளும் உண்டு. இது வசதிபோலத் தோன்றினாலும், பழைய கணக்கு மூடப்படாமல் அவர் பெயரிலேயே பாக்கியோடு கிடந்தால், அதே முகவரியில் புதிய இணைப்புப் பதிவு செய்யும்போது சிக்கல் எழலாம். உரிமையாளர் மூலம் அவரைத் தொடர்புகொண்டு கணக்கை மூடச் சொல்லிவிட்டுப் பதிவு செய்வது நல்லது.

படி 2: வீட்டின் உண்மையான தேவையைக் கணக்கிடுங்கள்

இங்கே பலர் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் 1080பி (ஃபுல் எச்டி) படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு), 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. நல்ல தரத்தில் ஒரு வீடியோ மீட்டிங்குக்குப் போகவும் வரவும் தலா 3 முதல் 4 எம்பிபிஎஸ் ஆகும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் மீட்டிங்கில் இருந்தாலும் 16 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. இரவில் இருவர் 4கே படம் பார்க்க, மற்ற இருவர் கைப்பேசியில் ரீல்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தாலும் 50 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். ஆகவே நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். பெரிய கேம்களைப் பதிவிறக்குபவரோ, வீடியோ எடிட்டிங் செய்து கோப்புகளை மேலேற்றுபவரோ இருந்தால் மட்டும் 200 அல்லது 300 பற்றி யோசிக்கலாம். அப்போதும் கூடுதல் தொகையை அவர் ஏற்பதுதான் நியாயம்.

பதிவிறக்க வேகத்தைப் பார்க்கும் கண், பதிவேற்ற வேகத்தைப் பார்ப்பதில்லை. மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நிற்பதற்கும் குரல் வெட்டி வெட்டிப் போவதற்கும் பெரும்பாலும் பதிவேற்றமே காரணமாக இருக்கும். வீடுவரை ஃபைபர் தரும் பிளான்கள் பலவற்றில் இரண்டும் ஒரே அளவில் கிடைக்கின்றன. பழைய கேபிள் டிவி கோஆக்ஸ் ஒயரில் வரும் இணையத்திலும் ஏர்ஃபைபரிலும் பதிவேற்றம் கணிசமாகக் குறைவாக இருக்கும். ‘அப்லோடு எவ்வளவு?’ என்று விற்பனைப் பிரதிநிதியிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

‘அன்லிமிடெட்’ என்ற அறிவிப்புக்குப் பின்னால் எஃப்யூபி எனப்படும், முழு வேகத்தில் கிடைக்கும் டேட்டாவுக்கான உச்சவரம்பு இருக்கும். பெரிய நிறுவனங்களின் பல பிளான்களில் இது மாதத்துக்கு 3300 ஜிபி. நாளொன்றுக்கு 110 ஜிபி, அதாவது தினமும் சுமார் 16 மணி நேரம் 4கே படம் ஓட்டினால்தான் தீரும் அளவு. எனவே இந்த வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உள்ளூர் நிறுவனங்களின் மலிவுப் பிளான்களில் இது பல மடங்கு குறைவாக இருக்கலாம். நான்கு பேருக்கு அது போதுமா என்பதைப் பார்த்தாக வேண்டும். வரம்பு தீர்ந்ததும் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும் கேளுங்கள். 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை திருத்திய வரையறையின்படி, 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்ற பெயர் பொருந்தும். நான்கு பேர் அதை வைத்துக்கொண்டு மாதக் கடைசியை ஓட்டிவிட முடியாது.

படி 3: விலையை முழுத் தொகையாகவும், காலத்தை வாடகை ஒப்பந்தத்தோடும் பொருத்திப் பாருங்கள்

விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 700 ரூபாய் பிளான் கைக்கு வரும்போது 826 ரூபாய். நான்கு பேர் பங்கிட்டால் தலைக்கு 206 ரூபாய் 50 காசு. இதோடு இன்ஸ்டலேஷன் கட்டணம், ரூட்டருக்கான டெபாசிட், அந்த டெபாசிட் திரும்ப வருமா என்பது ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட முடியும்.

ஆறு மாதம் அல்லது ஒரு வருடத் தொகையை முன்கூட்டியே கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம், கூடுதலாக ஒரு மாதம் இலவசம் என்பார்கள். குடும்பத்துக்கு இது லாபம். பகிர்ந்து வாழும் வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்குப் போடப்படுகின்றன. பன்னிரண்டு மாதப் பிளான் அதைத் தாண்டி நிற்கும். இடையில் நிறுத்தினால் மீதித் தொகை திரும்பக் கிடைப்பது அரிது. பணம் வீணாவதைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று உண்டு. ஒருவர் நான்காம் மாதத்தில் வெளியேறும்போது, தான் ஏற்கெனவே கட்டிய எட்டு மாதப் பங்கை யாரிடம் கேட்பது என்ற வாக்குவாதம் தொடங்கும். புதிதாக வருபவர் அதைத் தர மறுத்தால் நட்பே கெட்டுப்போகும். மாதாமாதம் கட்டும் பிளானில் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் இந்த வம்பு இல்லை. மூன்று மாதப் பிளானில் சலுகை நன்றாக இருந்தால், எல்லோரும் அதுவரை இருப்பது உறுதி என்ற நிலையில் எடுக்கலாம்.

முதல் மூன்று மாதம் ஒரு விலை, அதன் பிறகு வேறு விலை என்ற சலுகைகளில், நான்காம் மாத விலையை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

படி 4: யார் பெயரில் எடுப்பது

இணைப்பு ஆதார் போன்ற அடையாளச் சான்றின் அடிப்படையில் ஒருவர் பெயரில்தான் பதிவாகும். அந்த இணைப்பில் நடக்கும் எதைப் பற்றியும் நிறுவனமோ காவல்துறையோ முதலில் கேட்கப்போவது அவரிடம்தான். யார் எந்த மடிக்கணினியில் என்ன செய்தார்கள் என்பது வெளியே தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரும், நீண்ட காலம் தங்கப்போகிறவருமான ஒருவர் எடுப்பதே பொருத்தம். அவருக்கு மட்டும் மாதப் பங்கில் சிறு சலுகை தருவதில் தவறில்லை. பில் கட்டுவது, புகார் கொடுப்பது, லைன்மேன் வரும்போது வீட்டில் இருப்பது எல்லாம் அவர் தலையில்தானே விழுகின்றன!

உரிமையாளர் பெயரிலேயே இணைப்பு இருந்து, வாடகையோடு சேர்த்து வசூலிக்கப்படும் வீடுகளில் வேறொரு சிக்கல் வரும். பழுது ஏற்பட்டால் நிறுவனம் உங்களிடம் பேசாது. பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓடிபி உரிமையாளரிடம் இருக்கும். அவர் வெளிநாட்டில் இருந்தால் ஒரு சிறு பழுதுக்கே நாள்கணக்கில் காத்திருக்க நேரிடும். செலவு கூடினாலும் உங்களில் ஒருவர் பெயரில் தனி இணைப்பு எடுப்பதே மேல்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியாக இவற்றை எழுதி, எல்லோரும் ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டால் போதும்: மாதப் பங்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் ஜிபேயில் அனுப்ப வேண்டும், பாதி மாதத்தில் வருபவரும் போகிறவரும் எவ்வளவு தர வேண்டும், ரூட்டர் பழுதானால் செலவு யாருடையது, பெயர் கொடுத்தவர் வெளியேறினால் இணைப்பை மூடுவதா மாற்றுவதா. இதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை.

படி 5: டிவி உண்மையிலேயே வேண்டுமா

நான்கு பேரும் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் படம் பார்ப்பவர்கள் என்றால், கேபிள் இணைப்பு தேவையே இல்லை. ஐபிஎல் நேரத்தில் மட்டும் ஹாலில் சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால், ஒரு ஓடிடி சந்தா போதும். இணையப் பிளானோடு சேர்ந்து வரும் ஓடிடி தொகுப்பில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்படிச் சேர்ந்து வருபவை சில சமயம் கைப்பேசிக்கு மட்டுமானவையாகவோ, ஒரே நேரத்தில் ஒரு திரைக்கு மட்டுமானவையாகவோ இருக்கும். பெயரை மட்டும் பார்த்து முப்பது ஆப் இலவசம் என்று மயங்க வேண்டாம். அவற்றில் உங்கள் வீட்டில் திறக்கப்படுபவை மூன்றுகூடத் தேறாது.

செய்திச் சேனலும் சீரியலும் தினமும் பார்ப்பவர் ஒருவர் இருந்தால்தான் கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் இடையிலான தேர்வு வருகிறது. கேபிளில் ஊர்க் கேபிள்காரர், அரசு கேபிள், பெரிய நிறுவனங்களின் கிளை என்று பல முகங்கள் உண்டு. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் தொடங்கப்பட்டு, 2011இல் 70 ரூபாய் மாதக் கட்டணத்துடன் மறுபடி இயங்கத் தொடங்கியது. இன்றும் குறைந்த கட்டணம் தேடுபவர்கள் முதலில் விசாரிக்கும் இடம் அதுவே.

பில்லைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். 2019 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி, கட்டணம் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது: ஒயர் வசதிக்கான நெட்வொர்க் கட்டணம் ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை மற்றொன்று. நெட்வொர்க் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்ற வரம்பு இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை நீக்கியதால், இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் இது வேறுபடலாம். ஒவ்வொரு கட்டணச் சேனலையும் தனியாக வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தொகுப்பாக வாங்குவதே மலிவு என்று கேபிள்காரர் சொல்வார்; பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் ஒருவர் பார்க்கும் நான்கு சேனலுக்காக இந்தி விளையாட்டுத் தொகுப்பு முழுவதையும் வாங்கியிருக்கும் வீடுகளும் இருக்கின்றன.

டிடிஎச் என்றால் டிஷ் வைக்க இடம் வேண்டும். சென்னையிலிருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள்கள் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானில் இருக்கின்றன. வடக்குப் பார்த்த பால்கனி மட்டுமே உள்ள பிளாட்டில் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். அங்கே அசோசியேஷன் அனுமதி, நீண்ட ஒயர், மழைநேரத்தில் யார் மேலே ஏறிச் சரிசெய்வது என்று பிரச்சினைகள் வரிசை கட்டும். மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷும் உண்டு. டிடி தமிழ் அதில் வரும். பெரிய தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

டிவிக்கான செலவைப் பார்ப்பவர்கள் மட்டும் பங்கிட்டுக்கொள்வது நியாயமான முறை. இணையத்தோடு சேர்த்து ஒரே பில்லாக எடுத்துவிட்டால் இந்தப் பிரிப்பு சிக்கலாகும்.

படி 6: இணைப்புக் கொடுக்கும் நாள்

லைன்மேன் வருவதற்கு முன்பே ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். விட்டால், வாசலுக்கு அருகில் ஒயர் எட்டும் முதல் பிளக் பாயிண்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கான்கிரீட் தூணும் இரண்டு செங்கல் சுவரும் தாண்டிக் கடைசி அறைக்கு வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் போய்ச் சேராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் எட்டும். ஆனால் அடுக்குமாடியில் எல்லா வீட்டு ரூட்டர்களும் அதில் மோதிக்கொண்டிருக்கும். வீட்டின் நடுவே, எல்லா அறைக் கதவுகளும் திறக்கும் இடத்தில், உயரமாக வைப்பதே சிறந்தது. அதற்காகக் கூடுதல் ஒயர் கேட்டால் சிறு தொகை வாங்குவார்கள், கொடுத்துவிடுங்கள். எல்லா அறையும் ஒரே பங்கு கட்டும் வீட்டில், ஓர் அறைக்கு மட்டும் சிக்னல் வரவில்லை என்பது வாராவாரம் எழும் சண்டைக்கு அடித்தளம்.

ஃபைபர் ஒயரை ஏசி பைப் போகும் துளை வழியாகக் கொண்டுவரும்போது கூர்மையாக மடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அவர் கிளம்புவதற்கு முன், மடிக்கணினியை லேன் கேபிளில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு 94 அல்லது 95இல் வேகம் நின்றுவிட்டால், அது நெரிசல் அல்ல. எங்கோ ஓரிடத்தில் 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் போர்ட் இருக்கிறது, அல்லது எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டுமே இணைந்த லேன் கேபிள் இருக்கிறது என்று பொருள். கேபிளை மாற்றிப் பார்த்தும் அதே எண் வந்தால், கிகாபிட் போர்ட் உள்ள ரூட்டர் கேளுங்கள். கருவியின் பின்புறம் உள்ள சீரியல் எண்ணைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் அது தேவைப்படும்.

ஓஎன்டியும் ரூட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையென்றால், ஒரு மினி யூபிஎஸ் வாங்கிவிடுவது நல்ல முதலீடு. வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள்.

படி 7: வைஃபையைப் பகிரும் விதம்

ரூட்டரின் ஸ்டிக்கரில் அச்சிட்ட அட்மின் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். வந்துபோகும் நண்பர்களுக்கும் சமையல்காரருக்கும் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் தனியாக அமைத்துக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து ஒருவர் வெளியேறியதும் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பெயர் கொடுத்தவருக்கு இது பாதுகாப்பு. நூறு ஜிபி கேமை மதியம் மூன்று மணிக்கு இறக்கத் தொடங்குபவர் இருந்தால், ரூட்டரில் அந்தக் கருவிக்கு மட்டும் வேக வரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பதிவிறக்கத்தை நள்ளிரவுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

படி 8: இணையம் நின்றால்

ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால், ஒளி சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போதும், கம்பங்களில் தொங்கும் ஒயர்களை மாநகராட்சி அகற்றும்போதும் இது நேரும். விளக்கைப் படம் எடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் ஆப் அல்லது கஸ்டமர் கேர் வழியாகப் புகார் பதிவு செய்து, டாக்கெட் எண்ணை (புகார் எண்) பெறுங்கள். லைன்மேனின் தனிப்பட்ட எண்ணுக்கு அழைப்பது வேகமான வழிதான். ஆனால் டாக்கெட் எண் இல்லாத புகார், கணக்கில் வராத புகார். பல நாள் சேவை இல்லாததற்குக் கட்டணக் கழிவு கேட்க அந்த எண்ணே ஆதாரம்.

பதில் திருப்தியில்லை என்றால், நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஒவ்வொரு நிறுவனமும் அவரது தொடர்பு விவரத்தை இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது; அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் உண்டு. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்காக வாடிக்கையாளர் அங்கே செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்தது.

படி 9: வெளியேறும்போது

பெயர் கொடுத்தவர் மட்டும் வெளியேறி, மற்றவர்கள் தொடர்ந்தால், கணக்கின் பெயரை மாற்ற முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். முடியாது என்றால், பழைய கணக்கை மூடி, தங்குபவர் ஒருவர் பெயரில் புதிதாக எடுப்பதே சுத்தமான வழி. இரண்டு மூன்று நாள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்ட வேண்டியிருக்கும். ‘பரவாயில்லை, என் பெயரிலேயே ஓடட்டும்’ என்று பெருந்தன்மையோடு விட்டுப்போவதை நான் ஆதரிக்கவில்லை. ஊர் மாறிய பிறகும் பாக்கிக்கான அழைப்புகள் அவருக்கே வரும்.

பில் கட்டாமல் விட்டால் இணைப்பு தானாகவே மூடப்பட்டுவிடும் என்று நம்பிவிடக் கூடாது. போஸ்ட்பெய்டு கணக்கில் பாக்கி ஏறிக்கொண்டே போகலாம். துண்டிப்புக் கோரிக்கையை எழுத்தில் அனுப்பி, கோரிக்கை எண்ணை வாங்குங்கள். ரூட்டர், ஓஎன்டி, அடாப்டர், செட்-டாப் பாக்ஸ், ரிமோட் ஆகியவற்றை எடுத்துச்செல்ல வருபவரிடம், சீரியல் எண் குறித்த ரசீதோ குறைந்தபட்சம் ஒரு எஸ்எம்எஸ்ஸோ வராமல் கொடுக்க வேண்டாம். கணக்கு மூடப்பட்டது, பாக்கி பூஜ்யம் என்ற மின்னஞ்சல் வந்த பிறகு, டெபாசிட் வங்கிக் கணக்கில் விழுந்ததா என்று பார்த்து, அதை நான்கு பங்காகப் பிரித்து அனுப்பிவிட்டால் கணக்கு முடிந்தது.